நானூற்று அறுபத்தொரு சாக்கு

அன்றைக்குக் கலங்கலில் இருந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர். எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. காத்தாயி, கொளஞ்சி, விருத்தாம்பாள், கிழக்குத் தெரு ராசாத்தி, மேட்டுத் தெரு ராசாத்தி, தையல்நாயகி, பூங்காவனம், அம்சவேணி, வேம்பு, செந்தாமரை, அவள் ஓரகத்தி சகுந்தலா. இந்தப் பதினோரு பேரும் நூறு நாள் வேலை ஆட்கள். பன்னிரண்டாவது ஆள் நான், அஞ்சலாட்சி, இவர்களுக்குப் பொறுப்பாளர். பதிமூன்று, ஓவர்சியர் குணாளன். பதினான்கு, தலைவர் வீட்டுக்காரர் தனவேல். ஊராட்சித் தலைவர் அவர் மனைவிதான், ஆனால் அந்த அம்மாவை நான் ஐந்து வருஷத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பதினைந்து, லஸ்கர் கலியமூர்த்தி. ஏரியின் மதகையும் கலங்கலையும் பார்த்துக்கொள்கிறவர். சாக்குக் கொண்டுவந்த டிராக்டர்காரன் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆகையால் அவனைச் சேர்க்கவில்லை.

முத்தாலம்மாள் பெயர் இதில் வராது. என் நோட்டைத் தருகிறேன், பாருங்கள். பன்னிரண்டாம் வரியில் ‘முத்’ என்று எழுதி அடித்திருக்கும். அதை இப்போது கேட்காதீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

உங்கள் தாளில் ஏழாவது கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். ‘வெள்ளத்துக்குக் காரணம்.’ கீழே ஐந்து கட்டம். அதிக மழை, பருவநிலை மாற்றம், தூர்வாராமை, ஆக்கிரமிப்பு, மற்றவை. உங்களுக்கு முன்னால் இதே தாளோடு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் ‘அதிக மழை’யில் டிக் போட்டுவிட்டு, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவில் இன்னும் செத்த கோழி நாற்றம் போகவில்லை, அதனால் காப்பி வேண்டாம். நான் வற்புறுத்தவில்லை. நீங்களாவது உட்கார்ந்தீர்கள்.

மழை மாறிவிட்டது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். மழையால் வேலை நின்ற நாட்களைப் பதினோரு வருஷமாகக் குறித்துவைத்திருக்கிறேன். முதல் வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்த்து முப்பத்தொரு நாள். போன வருஷம் பத்து நாள். இந்த வருஷம் ஒன்பதே நாள். மழை குறைந்துவிட்டதா என்றால் இல்லை. முப்பது நாளில் பெய்ய வேண்டியது ஒன்பது நாளில் கொட்டுகிறது. பருவநிலை மாற்றம் என்ற கட்டத்தில் நீங்கள் டிக் போட்டால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் மழை மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்து கரையை வெட்டவில்லை அம்மா. வெட்டினது யார் யார் என்று என் நோட்டில் இருக்கிறது.

தூர்வாராமை என்ற கட்டத்தைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. மூன்று வருஷமாக ஓடையைத் தூர்வாரினதே நாங்கள்தான். ஏரி நிரம்பினால் அதிகத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல் அணைதான் கலங்கல். கரையைவிடத் தாழ்வாக இருக்கும். அதில் விழுகிற தண்ணீர் ஓடையில் ஓடி ஆற்றில் சேர வேண்டும். அந்த ஓடை அறுநூறு மீட்டர் என்று மேலாபீஸ் தாள் சொல்கிறது. நான் கயிறு பிடித்து அளந்தேன். முந்நூற்று எண்பதுதான். அதற்கு அப்புறம் ஓடை இல்லை, பொன்வயல் நகர்தான் இருக்கிறது. அறுபத்து நான்கு மனை, நாற்பத்தொரு வீடு. ஓவர்சியர் மூன்று வருஷமும் அறுநூறு என்றுதான் எழுதினார். நான் ஒவ்வொரு வருஷமும் என் நோட்டில் முந்நூற்று எண்பது என்றே எழுதினேன். அவர் புத்தகத்தில் கீழே கையெழுத்து மட்டும் என்னுடையது. பொறுப்பாளர் போட வேண்டிய இடம் அது, போட்டேன். பொய் எழுதினது அவர் கை.

நான் ஆறாம் வகுப்பு படித்தவள். கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. கிராம சபையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தடவைகூட எழுந்து நின்றதில்லை. எழுந்தால் எனக்குக் கழுத்து வேர்த்துவிடும். என் கணக்கு சரி என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருக்கிறவள்.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இன்றோடு இருபத்து மூன்று நாள்.

மூன்றாவது நாளாக விடாத மழை. காலையில் கொஞ்சம் வெறித்திருந்தது. அவசர வேலை, கலங்கலுக்கு வாருங்கள் என்று ஓவர்சியர் போன் செய்தார். ஒன்பது மணிக்கு ஆட்களை நிறுத்திப் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. படத்தில் இல்லாத ஆளுக்கு அன்றைக்குப் பெயர் கிடையாது. எடுத்து அனுப்பிவிட்டு என் நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். பதினொன்று முடித்துத் தலையைத் தூக்கினால் முத்தாலம்மாள் கரைமேல் வருகிறாள். முழங்கால் வரை சேறு. பழக்கத்தில் கை ‘முத்’ என்று எழுதிவிட்டது. பிறகுதான் மணியைப் பார்த்தேன். ஒன்பது பத்து.

“வூட்டுக்குள்ள தண்ணி ஊறுதுக்கா. அரிசியப் பரண்ல ஏத்திட்டு ஓடியாந்தேன்” என்றாள்.

“படம் போயிடுச்சி முத்தாலு.”

“பத்து நிமிசந்தானேக்கா.”

“படத்துல இல்லாத ஆள நான் எப்புடி எழுதறது?”

காத்தாயிக்கு வாய் சும்மா இருக்காது. “ஏண்டி அஞ்சல, சாக்கு கட்டறதுக்குக் கை வேணுமா, மூஞ்சி வேணுமா? நின்னுட்டுப் போறா, வுடு” என்றாள்.

“இன்னைக்கு இவளுக்கு வுட்டா நாளைக்கு நீ பத்து மணிக்கு வருவ” என்றேன்.

“நான் எப்பவும் பத்து மணிக்கு வரவதான். நீ போன்ல படம் புடிக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் என் மூஞ்சி ஒம்பது மணிக்கு வருது.”

எல்லாரும் சிரித்தார்கள். முத்தாலம்மாளும் சிரித்தாள். அவள் சண்டைக்காரி இல்லை. “சரிக்கா, நான் போயி ஒரு கண்ணு தூங்கறேன். ராத்திரியெல்லாம் கூரை ஒழுவுச்சி, கண்ண மூடல” என்று சொல்லிவிட்டுக் கரைக்குக் கீழே இருக்கிற கிழக்குத் தெருவைப் பார்த்து இறங்கிப் போனாள். நான் ‘முத்’தை அடித்தேன். ஒரே கோடுதான், பாருங்கள். சுத்தமாக அடித்திருப்பேன்.

சாக்கு வந்தது. பத்துக் கட்டு, கட்டுக்கு ஐம்பது என்றார்கள். நான் பிரித்து எண்ணினேன். ஏழாவது கட்டில் நாற்பத்தெட்டுதான். ஆக நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. எல்லாம் கோழித் தீவனம் கட்டின பழைய சாக்கு. ஈரத்தில் கிடந்து புழு வைத்திருந்தது. உள்ளே கைவிட்டால் விரலில் நெளிந்தது. ஓவர்சியரிடம் இரண்டு குறைகிறது என்று சொன்னேன்.

“ரெண்டு சாக்குல ஏரி ஒடஞ்சிடுமாம்மா?” என்று சிரித்தார்.

புழுவைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரித்திருப்பார்.

என்ன வேலை என்று தலைவர் வீட்டுக்காரர் சொன்னார். கலங்கலில் தண்ணீர் வழிய ஒன்பது கண். ஒவ்வொரு கண்ணிலும் பலகை செருகியிருக்கும். மழை முடிகிற சமயம் கூடக் கொஞ்சம் தண்ணீர் நிறுத்த அந்தப் பலகை. மழைக்காலத்தில் அதை எடுத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். இந்த வருஷம் எடுக்கவில்லை. எடுத்தால் தண்ணீர் பொன்வயல் நகருக்குப் போகும் என்று நகர்க்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். இப்போது தண்ணீர் பலகைக்கு மேலேயே வழிய ஆரம்பித்துவிட்டது. ஆகையால் பலகைக்கு மேல் நாலு வரிசை சாக்கு அடுக்கித் தண்ணீரை உள்ளேயே நிறுத்த வேண்டுமாம்.

லஸ்கர் கலியமூர்த்தி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். “கலங்கல் மேல சாக்கா? பலகையையே எடுக்கணும்னு நான் பத்து நாளா கத்தறேன்” என்றார்.

“எடுத்தா நகருக்குள்ள பூந்துடும்யா” என்றார் தனவேல்.

“அது ஓடைங்க.”

“ஓடையா இருந்துச்சி. இப்ப நகர். காலையில இருந்து எனக்கு நாப்பது போன். மூணு மணிக்குப் பெரிய அதிகாரி பார்க்க வரார். அதுக்குள்ள நாலு வரிசை நிக்கணும்.”

அடுத்து மண். மணல் லோடு வரவில்லை, ஆற்றுப் பாதையில் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். ஓவர்சியர் சுற்றிப் பார்த்தார். ஏரிக்கரையின் வெளிப்பக்கச் சரிவில், ஒற்றைப் பனைமரத்துக்கு நேரே, கையை நீட்டினார்.

“இதோ மலையாட்டம் மண்ணு கெடக்கே. எடுங்க.”

அது கிடக்கிற மண் இல்லை அம்மா. அதுதான் கரை.

கொஞ்ச நேரம் யாரும் மண்வெட்டியை எடுக்கவில்லை. காத்தாயிதான் பேசினாள். “கரைய வெட்டிக் கலங்கலுக்கு முட்டுக் குடுக்கறதா? கட்டியிருக்கற பொடவையக் கிழிச்சி முக்காடு போடற கதையால்ல இருக்கு.”

“மேலாக்கத்தானம்மா, ரெண்டு அடி” என்றார் ஓவர்சியர்.

காத்தாயி என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவர்சியர் இருக்கும்போது நான் என்ன சொல்ல முடியும்? வேலை என்ன என்று சொல்வது அவர். எத்தனை என்று எண்ணுவது நான். இரண்டையும் நான் குழப்பிக்கொண்டதே இல்லை. கொளஞ்சி முதலில் வெட்டினாள். அப்புறம் எல்லாரும் வெட்டினார்கள். காத்தாயியும்தான் வெட்டினாள், அதையும் எழுதுங்கள்.

நூறு நாள் வேலையில் குழி வெட்டினால் நடுவில் ஒரு சின்னத் திட்டு வெட்டாமல் விடுவோம். அதன் தலை பழைய தரைமட்டம். அதை வைத்துத்தான் ஆழம் அளப்பது. எங்களிடையே அதற்குச் சாட்சி என்று பெயர். அன்றைக்கு யாரும் அளக்கச் சொல்லவில்லை. ஆனாலும் சாட்சி விடச் சொன்னேன். அளவில்லாத குழியை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கடைசியில் அளந்தபோது நீளம் பதினாலு அடி, அகலம் ஆறு அடி, ஆழம் நாலு அடி. ஓவர்சியர் சொன்ன இரண்டு அடி இல்லை, நாலு அடி. முந்நூற்று முப்பத்தாறு கன அடி மண். சாக்குக்கு முக்கால் கன அடி வைத்தால் இன்னும் கொஞ்சம் வந்திருக்க வேண்டும். பூங்காவனம் கட்டின சாக்கெல்லாம் அரைகுறை. அவளுக்கு இடுப்பு வலி.

பன்னிரண்டு மணிக்கு இருநூற்றுப் பதினெட்டு சாக்கு முடிந்திருந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஓவர்சியரும் தலைவர் வீட்டுக்காரரும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள். பன்னிரண்டு இருபதிலிருந்து ஒன்று பத்து வரை மேலே இருக்கிறவர்கள் யாரும் கரையில் இல்லை. திரும்பி வரும்போது கண்ணாடியை இறக்கி எலும்பை ஏரிக்குள் எறிந்தார்கள். அந்த ஏரித் தண்ணீரைத்தான் கீழே இருக்கிறவர்கள் குடிப்பது.

அந்த நேரத்தில்தான் லஸ்கர் என்னிடம் வந்தார். கையில் கடப்பாரை.

“யம்மா, நாலு ஆளக் குடு. நடுவுல இருக்கற மூணு கண்ணுல சாக்கத் தள்ளிட்டுப் பலகைய நெம்பிட்டம்னா ஏரி ஒரு மணி நேரத்துல ஒரு சாண் எறங்கிடும். நான் ஒண்டியா நெம்ப முடியாது.”

“எழுத்துல இருக்கா?” என்றேன்.

“என்னா எழுத்து?”

“எடுக்கச் சொல்லி. என் ஆளுங்க சாக்கு வேலைக்கு வந்திருக்கறவங்க. படம் அப்படித்தான் போயிருக்கு.”

“தண்ணி வரப்ப தண்ணிகிட்டயும் எழுத்து கேப்பியாம்மா?”

“நீங்க ஓவர்சியர்கிட்ட சொல்லுங்க.”

“அவன்தான் கறி தின்னுக்கிட்டு இருக்கானே” என்று காத்தாயி எழுந்துவிட்டாள். “வா கலியமூர்த்தி, நான் வரேன். கொளஞ்சி, எழுந்துருடி.”

நான் சொன்னேன், சத்தம் போடாமல்தான் சொன்னேன். “சாக்கு வேலைய விட்டுட்டுப் போறவங்க பேர அடிக்க வேண்டியிருக்கும்.”

காத்தாயி நின்றாள். கொளஞ்சி எழவில்லை. வேறு யாரும் எழவில்லை. காத்தாயி மெதுவாக உட்கார்ந்து சாக்கின் வாயைக் கட்டினாள். லஸ்கர் தனியாகப் போய் ஒரு பலகையை நெம்பிப் பார்த்தார். சாக்கின் பாரத்தில் அசையவில்லை. கடப்பாரையைக் கலங்கல் சுவரில் சாத்திவிட்டு மழையில் குந்திக்கொண்டார்.

நீங்கள் ஏதோ எழுதுகிறீர்கள். என்ன எழுதுகிறீர்கள்? லஸ்கர் கேட்டது எத்தனை மணிக்கு என்றா? பன்னிரண்டரை.

அதற்கு முன்னால் எனக்குப் போன் வந்ததா என்று கேட்கிறீர்கள். காத்தாயி சொல்லியிருப்பாள். முதலில் அவள் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்தீர்களா? பரவாயில்லை. வந்தது. பன்னிரண்டு இருபதுக்கு. என் மகள் தவமணி. அவள் பொன்வயல் நகரில் இருக்கிறாள், முப்பத்தொன்றாம் மனை. இந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், நான் மறைக்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. மனை வாங்கும்போதே மாப்பிள்ளையிடம், இது எங்கள் கயிற்றில் முந்நூற்று எண்பதுக்கு அப்புறம் வருகிற இடம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். புது மாப்பிள்ளை, அவரிடம் நான் நேராகப் பேசுகிறதில்லை.

“அம்மா, கலங்கல ஒண்ணும் தொறந்துட மாட்டாங்களே? வீடெல்லாம் இப்பத்தான் டைல்ஸ் போட்டிருக்கு” என்றாள். “சாக்கு அடுக்கறோம்” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நாற்பது விநாடி. போனில் இருக்கிறது, பார்க்கிறீர்களா? லஸ்கருக்கு நான் சொன்ன பதிலுக்கும் அந்தப் போனுக்கும் சம்பந்தம் இல்லை. தவமணி போன் செய்யாவிட்டாலும் எழுத்து கேட்டிருப்பேன். எழுத்து இல்லாமல் நான் எதுவும் செய்ததில்லை.

இரண்டு நாற்பதுக்கு நானூற்று அறுபத்தொன்றாவது சாக்கு ஏறியது. நாலு வரிசை, ஒன்றரை அடி. அவ்வளவு போதும் என்றார் ஓவர்சியர். மீதி முப்பத்தேழு சாக்கைச் சுற்றி என் குடைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று பத்துக்குப் பெரிய அதிகாரி வந்தார். ஆறு நிமிஷம் இருந்தார். படம் எடுக்கிறவர் பூங்காவனத்தை ஒரே சாக்கை மூன்று தடவை தூக்கச் சொன்னார். முதல் தடவை அவள் முகம் சரியாக விழவில்லையாம், இரண்டாவது தடவை அதிகாரி முகம் விழவில்லையாம்.

“எத்தனை சாக்கு?” என்று அதிகாரி கேட்டார்.

“ரெண்டாயிரம் சார்” என்றார் ஓவர்சியர்.

நான் ஐந்தடி தள்ளி நிற்கிறேன். கையில் நோட்டு. நானூற்று அறுபத்தொன்று என்று எழுதின மை இன்னும் காயவில்லை. இரண்டாயிரம்! என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. “குட்” என்றார். ஏரியைப் பார்த்து நின்று பேசினார். கரையின் வெளிப்பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. குழியும் அங்கேதான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே நின்றது.

நாலு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஏழு பேர் போட்டிருந்தார்கள். காத்தாயி குழிப் பக்கம் கை கழுவப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

“அஞ்சல, ஒன் சாட்சி கரையுதுடி!”

எட்டிப் பார்த்தேன். குழியின் அடியில் சேற்றுத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது, உலை கொதிக்கிற மாதிரி. நடுவில் விட்ட திட்டு வெல்லக் கட்டி மாதிரி ஓரம் ஓரமாக விழுந்தது. பிறகு அது இல்லை. லஸ்கர் எங்களைக் கலங்கல் பக்கம் விரட்டினார். ஓடினோம். நாலு ஐந்துக்குக் கரை போனது. சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மூட்டையை இறக்குகிற சத்தம்தான். பனைமரம் நின்ற வாக்கிலேயே நகர்ந்து போனது.

தண்ணீர் வடிந்ததும் உடைப்பை அளந்தேன். நூற்றுப்பத்தடி. கலங்கல் மேல் அடுக்கின சாக்கு ஒன்றுகூட அசையவில்லை. நாலு வரிசையும் அப்படியே இருந்தது. நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. பொன்வயல் நகரில் ஒரு சொட்டுப் போகவில்லை. தவமணி வீட்டு மிதியடிகூட நனையவில்லை.

கிழக்குத் தெருவில் ஐம்பத்தெட்டு வீடு. முப்பத்து நாலு விழுந்துவிட்டது. ஆட்கள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள், அங்கே சோறு போட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள் எங்களோடு கரைமேல் இருந்தார்கள். அன்றைக்கு என் நோட்டில் இருந்த பதினோரு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை நீங்கள் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பதினோரு பேர் வந்தார்கள், பதினோரு பேர் திரும்பினார்கள்.

முத்தாலம்மாளை அன்றைக்கு யாரும் தேடவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த அவள் மகன் சின்னதுரை, அம்மா கலங்கல் வேலையில் இருக்கிறாள், அங்கே மேடு, பயமில்லை என்று மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தானாம். எங்களுக்கோ அவள் வீட்டுக்குப் போய்விட்டவள், தெருவோடு பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள் என்று இருந்தோம். மறுநாள் காலையில்தான் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தோம். அவள் வீட்டுச் சுவர் உட்பக்கமாக விழுந்திருந்தது. பாயிலேயே இருந்தாள். பரணில் அரிசி நனையாமல் இருந்தது.

போர்த்த அந்தத் தெருவில் உலர்ந்த துணி ஒன்றுகூட இல்லை. என்னிடம் சாக்கு இருந்தது. முப்பத்தேழில் இரண்டை எடுத்து, தையல் பிரித்து, ஒன்றோடொன்று கோத்துப் போட்டேன். புழு இல்லாததாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அங்கே வைத்துக் காத்தாயி சொன்னாள். ஊர் பூராவும் நிற்கிறது. அழாமல் சொன்னாள்.

“நீ எழுதன பதினோரு பேரும் நிக்கறோம். நீ அடிச்ச ஒருத்தி படுத்துக் கெடக்கறா.”

இதுதான் அம்மா எனக்கு ஆறவில்லை. இதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். கரையை வெட்டச் சொன்னவர் ஓவர்சியர். சாக்கு அடுக்கச் சொன்னவர் தலைவர் வீட்டுக்காரர். ஓடையை மனையாக்கி விற்றவர் யாரோ. ஆறு நிமிஷம் நின்று முதுகைக் காட்டினவர் அதிகாரி. இத்தனை பேரை விட்டுவிட்டு, ஒரு கோடு போட்ட என்னைப் பேசினாள். ஒன்பது பத்துக்கு வந்த ஆளை ஒன்பதுக்கு வந்ததாக எழுதினால் அது பொய்க் கணக்கு இல்லையா? பொய் எழுத என் கை வராது.

மறுவாரம் அந்தப் பதினோரு பேரும் சேர்ந்து பொறுப்பாளரை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். ஓவர்சியர் கொண்டுவந்து காட்டினார். கைநாட்டு நாலு, கையெழுத்து ஏழு. எண்ணினேன், சரியாகப் பதினொன்று. ஓவர்சியர் அதை என் முன்னாலேயே கிழித்தார். “கணக்கு சரியா வெச்சிருக்கறவங்க நீங்க ஒருத்தர்தாம்மா. ஒங்கள நான் விட மாட்டேன்” என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போது ஒன்பது மணிக்குச் சரியாக வருகிறார்கள். வரிசையில் நிற்கிறார்கள். படம் எடுக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருத்தியும் ‘இருக்கேன்’ என்று சொல்கிறதில்லை. கையை மட்டும் தூக்குகிறார்கள். காத்தாயி அதுகூட இல்லை, என்னைப் பார்த்தபடி நிற்பாள். இருக்கிறாள், ஆகையால் எழுதிக்கொள்கிறேன்.

ஓவர்சியர் போன திங்கட்கிழமை மறுபடி வந்தார். மீதி சாக்கு உங்களிடம் இருக்கிறதாமே, கொளுத்திவிடுங்கள் என்றார். இரண்டாயிரமும் கலங்கலில் வைத்தாயிற்று என்று எழுதியாகிவிட்டதாம். மீதி என்று ஒன்று இருக்கக் கூடாதாம். நான் கொளுத்தவில்லை.

என்ன டிக் போடப் போகிறீர்கள்? ‘மற்றவை’யா? அதன் எதிரில் ஒரே ஒரு கோடுதான் விட்டிருக்கிறார்கள். அதற்குள் இவ்வளவையும் எப்படி எழுதுவீர்கள்? உங்கள் விருப்பம். ஆனால் சாக்குக் கணக்கை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். உள்ளே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன், நீங்களே எண்ணலாம். காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தினமும் விளக்கு வைத்ததும் ஒரு தடவை எண்ணுவேன். சில நாள் மறுபடியும் எண்ணுவேன். எதற்கு என்று கேட்காதீர்கள். யாரும் எடுக்கப் போவதில்லை, எனக்குத் தெரியும்.

வந்தது நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. கலங்கல் மேல் நானூற்று அறுபத்தொன்று. முத்தாலம்மாள் மேல் இரண்டு. மீதி முப்பத்தைந்து.